சுழியா, வரப்பா? வானிலைப் படத்தில் புயலையும் வளிமுகத்தையும் பிரித்தறியும் வழி

கடலூரில் வளர்ந்தவனுக்குப் புயல் என்றால் கிழக்கு. ஐப்பசி பிறந்துவிட்டால், துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று விசாரிப்பதும், வங்கக் கடலில் வெள்ளைத் திட்டு எங்கே நிற்கிறது என்று டிவியில் பார்ப்பதும் வீட்டில் அன்றாட வேலை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்த பிறகு, புயலில் எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது.

அந்த நினைப்போடுதான் கனடா வந்தேன். டொராண்டோவில் முதல் நவம்பர். காலையில் 14 டிகிரி இருந்ததால் மெல்லிய சட்டையோடு கிளம்பிவிட்டேன். மாலை பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். நடைபாதையில் மேப்பிள் சருகுகள் வடகிழக்குப் பக்கமாக உருண்டு போய்க்கொண்டிருந்தன. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. முதல் துளி விழுவதற்குச் சற்று முன்னால், யாரோ கைதட்டித் துரத்தியது மாதிரி, அத்தனை சருகும் திரும்பித் தென்கிழக்கே ஓட ஆரம்பித்தன. பத்து நிமிடம் கொட்டித் தீர்த்தது. பஸ் வருவதற்குள் எனக்குப் பல் கிட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் 4 டிகிரி.

வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்து அண்ணை. "புயலா அண்ணே?" என்று கேட்டேன். "புயல் எங்கால தம்பி, கோல்ட் ஃப்ரண்ட் போகுது. போனில பாக்கேல்லையோ?" என்றார்.

பார்த்திருந்தேன். படத்தில் 'எல்' என்ற எழுத்தும் அதிலிருந்து கிளம்பிய இரண்டு வண்ணக் கோடுகளும் இருந்தன. எது எது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். புதிதாக வானிலைப் படம் பார்க்கத் தொடங்குகிற யாருக்கும் இதே குழப்பம் வரும். அதைத் தீர்த்துக்கொள்ள நான் போன வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: இரண்டும் ஒரே இனம் என்ற எண்ணத்தை விடுங்கள்

"சைக்ளோனுக்கும் ஃப்ரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்கும்போதே, புலிக்கும் சிறுத்தைக்கும் இருப்பது போன்ற ஒரு வித்தியாசத்தை எதிர்பார்க்கிறோம். உண்மையில் ஆற்றுச் சுழிக்கும் வயல் வரப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பது போலத்தான் அது. சைக்ளோன் ஒரு சுழி: நடுவில் காற்றழுத்தம் குறைந்து, சுற்றியுள்ள காற்று அதை நோக்கிச் சுழன்று பாயும் ஒரு முழு அமைப்பு. பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் இந்தச் சுழற்சி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நடக்கும். ஃப்ரண்ட் ஒரு வரப்பு: இந்தப் பக்கம் சூடான காற்று, அந்தப் பக்கம் குளிர்ந்த காற்று, நடுவில் எல்லை. நம் ஊர் வரப்பு கிடந்த இடத்தில் கிடக்கும், இது நகரும்.

பள்ளிப் பாடநூல்களில் ஃப்ரண்டுக்கு 'வளிமுகம்' என்று பெயர். சைக்ளோனைச் 'சூறாவளி' என்று சொல்லி, வெப்பச் சூறாவளி, மிதவெப்பச் சூறாவளி என்று பிரிப்பார்கள். பேச்சில் நாம் சொல்லும் 'புயல்' முதல் வகை. இரண்டாவது வகை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாரத்துக்கு ஒன்று என்று வந்து போவது. அதோடுதான் வளிமுகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். குழப்பத்தின் வேர் இங்கேதான். வானிலைக்காரர்கள் இரண்டு சுழியையும் சைக்ளோன் என்பார்கள்; நமக்கோ சைக்ளோன் என்றால் வங்கக் கடல் புயல் மட்டும்தான்.

பெயர்களின் கதையும் நினைவில் வைக்க உதவும். 'சைக்ளோன்' என்ற சொல் பிறந்தது நம் கடலோரத்தில்தான்: கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், மாலுமிகளுக்காக 1848-இல் எழுதிய கையேட்டில், பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உருவாக்கினார். 'ஃப்ரண்ட்' பிறந்தது நார்வேயின் பெர்கன் நகரில். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, வில்ஹெல்ம் பியர்க்னெஸும் அவர் மகன் யாக்கோப்பும் கூட்டாளிகளும் இரண்டு காற்றுகள் மோதும் எல்லைக்குப் போர்முனையின் பெயரையே வைத்தார்கள். ஒன்று பாம்பு, மற்றது போர்முனை. எனக்கு இதுவே போதுமாக இருந்தது.

இரண்டாம் படி: 'எல்'லைக் கண்டுபிடியுங்கள், கால் இருக்கிறதா என்று பாருங்கள்

அமெரிக்க வானிலைத் துறையின் மேற்பரப்பு வரைபடம் டொராண்டோ இருக்கும் தெற்கு ஒன்டாரியோவையும் சேர்த்தே காட்டும். லண்டனில் இருப்பவர்களுக்குப் பிரிட்டன் வானிலைத் துறையான மெட் ஆஃபீஸின் அழுத்த வரைபடம் இருக்கிறது. எதைத் திறந்தாலும் வளைவு வளைவான சமஅழுத்தக் கோடுகள் தெரியும். அவை ஒரு மையத்தைச் சுற்றி மூடிக்கொண்டு, நடுவில் 'எல்' என்று எழுதியிருந்தால் அது காற்றழுத்தத் தாழ்வு, அதாவது சுழி. கோடுகள் நெருங்கி இருந்தால் அங்கே காற்று பலமாக வீசும்.

இப்போது அந்த 'எல்'லிலிருந்து கால்கள் கிளம்புகின்றனவா என்று பாருங்கள். நீலக் கோட்டில் முக்கோணங்கள் இருந்தால் குளிர் வளிமுகம். சிவப்புக் கோட்டில் அரைவட்டங்கள் இருந்தால் வெப்ப வளிமுகம். முக்கோணமோ அரைவட்டமோ எந்தப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் வளிமுகம் நகர்கிறது. ஊதாக் கோட்டில் இரண்டும் கலந்து வந்தால், குளிர் வளிமுகம் பின்னால் ஓடிவந்து வெப்ப வளிமுகத்தைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். நீலமும் சிவப்பும் மாறி மாறி, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் வரப்பு நகராமல் நிற்கிறது.

வங்கக் கடல் புயலில் இந்தக் கால்களைத் தேடாதீர்கள், இருக்காது. புயலைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே வெதுவெதுப்பான ஈரக் காற்று. எல்லை போட இரண்டு விதமான காற்று அங்கே இல்லை. அதன் தீனி கடல்தான். நீர் சுமார் 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால், அதிலிருந்து எழும் நீராவி மேலே போய் மேகமாகும்போது விடும் வெப்பம்தான் புயலை ஓட்டுகிறது. மிதவெப்பச் சுழிக்குத் தீனி வேறு. வடக்கின் குளிர்காற்றுக்கும் தெற்கின் வெப்பக்காற்றுக்கும் இருக்கும் வித்தியாசமே அதை வளர்க்கிறது. அதாவது, வரப்பில்தான் அந்தச் சுழி பிறக்கிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. வரைபடத்தின் நேரம் 'இசட்' என்று போட்டிருக்கும். அது கிரீன்விச் நேரம். இந்தியாவுக்கு ஐந்தரை மணி கூட்டுங்கள். டொராண்டோவுக்குக் குளிர்காலத்தில் ஐந்தும் கோடையில் நான்கும் கழியுங்கள். நான் ஒரு மாதம் இதைக் கவனிக்காமல், போய்விட்ட வளிமுகத்துக்காகக் குடையோடு காத்திருந்தேன்.

மூன்றாம் படி: எந்தப் பக்கம் பார்ப்பது?

எனக்குக் கழுத்தே திரும்ப வேண்டியிருந்தது. தமிழகக் கரைக்கு வரும் புயல் கிழக்கிலிருந்து மேற்காகவோ வடமேற்காகவோ நகரும். கிழக்கே கடலைப் பார்த்தே பழகிய கண். டொராண்டோவிலும் லண்டனிலும் எல்லாமே பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகின்றன. இன்று சிகாகோவில் பெய்யும் மழை நாளைக்கு இங்கே வரலாம். ஆகவே உங்கள் ஊருக்கு மேற்கே ஓர் ஆயிரம் கிலோமீட்டர் வரை பாருங்கள்.

கரையேறினால் செத்துப்போகும் என்ற கணக்கும் இங்கே செல்லாது. நம் புயலுக்குக் கடல்தான் தீனி என்பதால் தரையேறியதும் அடங்கத் தொடங்கும். மிதவெப்பச் சுழி கண்டத்தின் நடுவிலேயே பிறந்து, அங்கேயே வலுக்கும். 1975 நவம்பர் 10 அன்று சுப்பீரியர் ஏரியில் 'எட்மண்ட் ஃபிட்ஜெரால்ட்' என்ற சரக்குக் கப்பல் 29 பேரோடு மூழ்கியது இப்படிப்பட்ட ஒரு சுழியில்தான். கடலிலிருந்து எவ்வளவோ தூரம் உள்ளே இருக்கும் ஏரி அது.

செயற்கைக்கோள் படத்தில் பிரித்தறிவது இன்னும் சுலபம். முற்றிய புயல் வட்டமாக, நடுவில் கண் வைத்துக்கொண்டு இருக்கும். மிதவெப்பச் சுழி ஒரு பெரிய காற்புள்ளி மாதிரி, தலை பெருத்து, வால் தெற்கேயோ தென்மேற்கேயோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலும் நீண்டு கிடக்கும். அந்த வால்தான் குளிர் வளிமுகம்.

பெயரை வைத்தும் ஒரு குறுக்கு வழி உண்டு. பெயர் வைத்திருந்தால் அது சுழி. வளிமுகத்துக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. வங்கக் கடல், அரபிக் கடல் புயல்களுக்கு 2004-இலிருந்து பெயர் வைக்கிறார்கள். இப்போதுள்ள பட்டியலை 13 நாடுகள் சேர்ந்து கொடுத்தன, இந்தியாவின் பங்கில் 'முரசு' என்று ஒரு தமிழ்ப் பெயரும் உண்டு. பிரிட்டனில் 2015-இலிருந்து மிதவெப்பச் சுழிகளுக்கே பெயர் வைக்கிறார்கள் என்பதால், பெயரைப் பார்த்து 'நம்மூர்ப் புயல்' என்று நினைத்துவிடாதீர்கள். 2022 பிப்ரவரியில் அங்கே அடித்த 'யூனிஸ்' வளிமுகங்களோடு வந்த சுழிதான்.

நான்காம் படி: வெளியே போய்க் காற்றுக்கு முதுகைக் காட்டுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான், படமே தேவையில்லை. வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்வின் மையம் உங்கள் இடக்கைப் பக்கம், கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கும். டச்சு நாட்டு பைஸ் பாலட் 1857-இல் சொன்ன விதி. கட்டடங்களுக்கு இடையில் நின்று பார்க்காதீர்கள். மொட்டைமாடியோ திடலோ வேண்டும்.

கடலூர்க் கரையில் நின்று பார்ப்போம். புயல் நேர் கிழக்கே கடலில் இருந்தால் நமக்கு வாடைக் காற்று, வடக்கிலிருந்து. முதுகைக் காட்டினால் முகம் தெற்கே. இடக்கை கிழக்கே, கடலை நோக்கி. சரியாக இருக்கிறதா? இனி அது நெருங்கும்போது, வாடை மெல்ல மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்றாகி, அப்புறம் தென்காற்றாக மாறினால் புயல் நமக்கு வடக்கே கடந்துபோகிறது. வாடை கொண்டலாகி, கிழக்கிலிருந்து அடிக்க ஆரம்பித்தால் நமக்குத் தெற்கே கடக்கிறது. இரண்டாவதுதான் கடலோரத்தாருக்கு ஆபத்து. கொண்டல் கடல்நீரை அப்படியே கரைமேல் தள்ளும். மையம் நம் தலைக்கு மேலேயே போனால் காற்று ஓய்ந்து, சற்று நேரம் கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். 2016 டிசம்பர் 12 அன்று 'வர்தா' சென்னையைக் கடந்தபோது அந்த இடைவெளியை அனுபவித்தவர்கள் நிறைய. ஓய்ந்துவிட்டது என்று விழுந்த மரத்தைப் பார்க்கத் தெருவுக்கு வருவது பெரிய தப்பு.

வளிமுகத்தில் இந்த ஓய்வும் கிடையாது, எதிர்க்காற்றும் கிடையாது. குளிர் வளிமுகம் கடக்கும்போது காற்று தென்மேற்கிலிருந்து வடமேற்குக்குச் சட்டென்று திரும்பும். என் சருகுகள் செய்தது அதைத்தான். கனமான குளிர்காற்று, தோசைக்கு அடியில் திருப்பியை நுழைப்பது மாதிரி, வெப்பக் காற்றின் அடியில் புகுந்து அதை மேலே நெம்பித் தள்ளுகிறது. சூடான காற்று வேகமாக மேலெழுவதால் மேகம் உயரமாகக் கட்டி, குறுகிய பட்டையாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். பின்னாலேயே வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும், குளிரும்.

வெப்ப வளிமுகம் பொறுமைசாலி. இதில் சூடான காற்று, முன்னால் இருக்கும் குளிர்காற்றின் முதுகில் சாய்தளத்தில் ஏறுவது போல ஏறும். சாய்வு மிகக் குறைவு. 200 கிலோமீட்டர் போனால் ஒரு கிலோமீட்டர் உயர்வு என்ற அளவில் இருக்கும். அதனால் வளிமுகம் வருவதற்கு ஒரு நாள் முன்பே உயரத்தில் மெல்லிய மேகம் வந்துவிடும். நிலாவைச் சுற்றி வட்டம் கட்டுவது அதில்தான். "அகல் வட்டம் பகல் மழை" என்று பாட்டி சொன்னதை நான் டொராண்டோவில்தான் முழுதாக நம்பினேன். அப்புறம் மேகம் தாழ்ந்து தடித்து, மணிக்கணக்கில் நசநசவென்று தூறும். வளிமுகம் கடந்ததும் காற்று தெற்குப் பக்கம் மாறி, கொஞ்சம் கதகதப்பாகும்.

ஐந்தாம் படி: போனில் இருக்கும் அழுத்தமானி

பல போன்களில் அழுத்தமானி உள்ளேயே இருக்கிறது. அதைக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதும். ஆனால் இரண்டு விஷயம். கனடாவில் அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் சொல்வார்கள். பத்தால் பெருக்கினால் நமக்குப் பழகிய ஹெக்டோபாஸ்கல் வந்துவிடும். 101.3 என்றால் 1013. அடுத்து, போன் காட்டுவது நீங்கள் நிற்கும் உயரத்தின் அழுத்தம். எட்டு மீட்டருக்குச் சுமார் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். பத்தாவது மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கினாலே மூன்று, நான்கு கூடிவிடும். ஆகவே ஒரே இடத்தில் வைத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வளிமுகம் வரும்போது அழுத்தம் சில மணி நேரம் இறங்கும். குளிர் வளிமுகம் தாண்டியதும் படக்கென்று ஏறும். வரைந்து பார்த்தால் பள்ளம் 'வி' மாதிரி இருக்கும். அதே நேரத்தில் வெப்பநிலையும் விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தமிழகத்திலும் இலங்கையிலும் இதைச் செய்பவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. நம் பக்கம் அழுத்தம் தினமும் கடல் ஓதம் போல ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு மணி வாக்கில் அடி; இரவிலும் ஒருமுறை அப்படியே. மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் சாதாரணம். இது தெரியாமல் பிற்பகலில் அழுத்தம் விழுகிறது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் புயல் அறிவித்த பெருமை எனக்கு உண்டு. நேற்று இதே மணிக்கு என்ன இருந்தது என்றுதான் ஒப்பிட வேண்டும்.

புயலின் வலுவைப் பற்றி: இந்திய வானிலைத் துறையின் அறிக்கையில் காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம், 51-இல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 63-இல்தான் புயல், 89-இல் தீவிரப் புயல், 118-இல் மிகத் தீவிரப் புயல். வளிமுகத்துக்கு இப்படி ஏணி எதுவும் இல்லை. அதன் குணத்தை இரண்டு பக்கத்து வெப்பநிலையைப் பார்த்துத்தான் எடைபோட வேண்டும். விண்டி போன்ற செயலியில் வெப்பநிலையைத் தட்டிப் பாருங்கள். நிறம் எங்கே சட்டென்று மாறுகிறதோ அங்கேதான் வரப்பு ஓடும். இரண்டு பக்கமும் மூன்று டிகிரிதான் வித்தியாசம் என்றால் பேசாமல் வேலையைப் பார்க்கலாம். பதினைந்து என்றால் தடித்த கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: சுழி வரப்பில் வந்து மாட்டினால்

இதுவரை சொன்னதெல்லாம் இரண்டும் தனித்தனியாக இருக்கும்போது. வெப்பப் புயல் ஒன்று வடக்கே போய், குளிர்ந்த காற்றின் எல்லையில் மாட்டினால், அது மிதவெப்பச் சுழியாக உருமாறும். அறிக்கையில் 'எக்ஸ்ட்ராட்ராபிக்கல்' என்று போடுவார்கள். புதியவர்கள் இந்தச் சொல்லைப் பார்த்ததும் 'சரி, புயல் முடிந்தது' என்று நினைக்கிறார்கள். வகைதான் மாறியது, வலு அப்படியே இருக்கலாம், பரப்பு பெரிதாகவும் ஆகலாம். 2012 அக்டோபர் 29 அன்று 'சாண்டி' நியூ ஜெர்சியில் கரையேறுவதற்குச் சற்று முன் இப்படி மாறியது. வகை மாறப்போகிறது என்று கணித்ததால் அங்கே 'ஹரிக்கேன்' (வலுத்த வெப்பப் புயலுக்கு அந்தப் பக்கத்துப் பெயர்) எச்சரிக்கை விடப்படவில்லை. மறுவருடமே அமெரிக்காவின் ஹரிக்கேன் மையம் அந்த விதியை மாற்றி, உருமாறினாலும் எச்சரிக்கையைத் தொடரலாம் என்று ஆக்கியது.

டொராண்டோவில் இதற்கு அடையாளம் ஹேசல். 1954 அக்டோபர் 15 காலை அமெரிக்காவின் கரோலினாக் கரையில் ஏறிய ஹரிக்கேன், வடக்கே விரைந்து வந்து ஒரு குளிர் வளிமுகத்தோடு கலந்து, அன்றிரவே இங்கே வந்துவிட்டது. முந்தைய நாட்களின் மழையில் மண் ஏற்கெனவே ஊறிக் கிடந்தது, பெய்ததெல்லாம் ஆறுகளில் இறங்கியது. ஒன்டாரியோவில் 81 பேர் இறந்தார்கள். அதில் 35 பேர் ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் இருந்தவர்கள். தூங்கிக்கொண்டிருந்த வீடுகளை ஆறு அடித்துக்கொண்டு போனது.

அந்த இடத்தில் மறுபடி வீடு கட்ட விடவில்லை. இப்போது பூங்கா. அண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே கூட்டிப்போனார். ஆறு முழங்காலளவு ஓடிக்கொண்டிருந்தது. வழக்கப்படி காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றேன். இடக்கை வடக்கே காட்டியது. "என்ன தம்பி செய்யிறீர்?" என்றார். சொன்னதும் அவரும் பக்கத்தில் வந்து திரும்பி நின்றார்.